ஒன்றில்லை, இரண்டில்லை, மூன்றில்லை...

செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் 3 மணி 4 நிமிடம். 17 டிகிரி, தூறல். நான்கு நிமிடத் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, எங்கள் வழிகாட்டி ரூத் தலைகளை எண்ணத் தொடங்கினார்.

"ஒன்றில்லை, இரண்டில்லை, மூன்றில்லை..."

நான் முப்பத்தொரு வருடம் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவன். என் மாணவன் எவனாவது இப்படி எண்ணியிருந்தால் தேறியிருக்க மாட்டான்.

யூதர்கள் ஆட்களை எண்ணுவதில்லையாம். கண் பட்டுவிடுமாம். எண்ணியே ஆகவேண்டும் என்றால் இப்படி 'இல்லை' சேர்த்துக்கொள்வார்களாம்.

"எங்கட அம்மாவும் இப்பிடித்தான் சேர்," என்றார் கணேசன். "கோழிக்குஞ்சை எண்ண விடமாட்டா. எண்ணினா பருந்து வருமாம்."

கணேசன் யாழ்ப்பாணத்துக்காரர். பார்க் எக்ஸ்டென்ஷன் பேட்டையில் எனக்கு மேல்வீடு. மான்ட்ரியலின் பழைய யூதத் தெருக்களைச் சுற்றிக்காட்டுகிறார்கள் என்று என்னை இழுத்து வந்தவர் அவர். பார்க்கிங் மீட்டரில் ஐந்து மணி வரைக்கும் காசு போட்டவன் நான்.

நாங்கள் பதினான்கு பேர். நான் 'இல்லை' சேர்க்கவில்லை. தையல் ஆலையாக இருந்த கட்டிடம், யோகா வகுப்பாகிவிட்ட ஜெப ஆலயம், பேகல் என்னும் வளைய ரொட்டி விற்கும் கடை – நின்ற இடத்திலெல்லாம் எண்ணினேன். சிவப்பு ஜாக்கெட் போட்ட ஒருவர், நாற்பது வயதிருக்கும், எப்போதும் கடைசியாக வந்தார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பேகல் மட்டும் மூன்று சாப்பிட்டார்.

கடைசி நிறுத்தம், இன்னும் வழிபாடு நடக்கும் ஒரு சிறிய ஜெப ஆலயம். மணி 4.40. வாசலில் ஆண்களுக்கு வட்டக் குல்லா கொடுத்தார்கள்.

"உங்கட மொட்டையில அது நிக்காது சேர். கையால பிடியுங்கோ."

பிடித்துக்கொண்டேன்.

உள்ளே சில முதியவர்கள். கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவருடைய அண்ணன் இறந்த நாள் என்று ரூத் கிசுகிசுத்தார். அண்ணனுக்காக ஒரு பிரார்த்தனை சொல்ல வேண்டும். யூத ஆண்கள் பத்துப் பேர் கூடினால்தான் சொல்லலாம். வழக்கமாக வரும் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். இன்று விட்டால் அடுத்த வருடம்தான். கோட்டுக்காரருக்கு வயது தொண்ணூற்றிரண்டு.

"நாங்கள் ரெண்டு பேர் சும்மாதானே நிக்கிறம்?" என்றார் கணேசன்.

அதை நான் ஆங்கிலத்தில் கேட்டேன். ரூத் தலையசைத்து மறுத்தார்.

"அதுவும் சரிதான். எங்கட திதிக்குக் கண்ட ஆக்களைக் கூப்பிடுறமே?"

அப்போதுதான் நான் அதைச் செய்தேன். ஒரு கையால் குல்லாவைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் விரலை நீட்டி, ஆங்கிலத்தில், வகுப்பறைக் குரலில்... ஒன்று முதல் ஒன்பது வரை.

"ஒன்பது. ஒன்று குறைகிறது!"

ஒன்பது தலைகளும் திரும்பின. ரூத் கண்ணை மூடிக்கொண்டார்.

"பருந்து வரப்போகுது," என்றார் கணேசன்.

வந்தது சிவப்பு ஜாக்கெட். பின்வரிசையிலிருந்து எழுந்து ரூத்திடம் மெதுவாகக் கேட்டார்: "என் அம்மா யூதப் பெண். அப்பா யூதர் இல்லை. எனக்குப் பிரார்த்தனை எதுவும் தெரியாது. நான் பத்தாவது ஆள் ஆவேனா?"

"அம்மா போதும்," என்றார் ரூத்.

கறுப்புக் கோட்டுக்காரர் சிரிக்கவில்லை. சிவப்பு ஜாக்கெட்டைத் தன் பக்கத்தில் நிறுத்தி, ஒரு புத்தகத்தைத் திறந்து கையில் கொடுத்தார். வாங்கியவர் அதைத் தலைகீழாகப் பிடித்தார். சிவப்பு ஜாக்கெட்டுக்குத் தெரியவில்லை. பெரியவரே திருப்பி வைத்தார்.

இருபது நிமிடம் ஆகும், அவசரம் உள்ளவர்கள் போகலாம் என்றார் ரூத். மணி 4.52. மீட்டர் இரண்டு தெரு தள்ளி. எனக்கு அவசரம் இருந்தது. ஆனால் எண்ணியவன் விடையைப் பார்க்காமல் எப்படிப் போவது?

பெரியவர் எழுந்து நின்று சொன்னார். குரல் நடுங்கியது, நிற்கவில்லை. நடுநடுவே மற்ற ஒன்பது பேரும் 'ஆமென்' என்றார்கள். சிவப்பு ஜாக்கெட் ஒவ்வொரு முறையும் அரை நொடி பிந்தினார். கணேசன் இரண்டு முறை மூக்கைச் சிந்தினார். சளியாம்.

முடிந்ததும் பெரியவர் நேராக என்னிடம் வந்தார்.

"நீதானே எண்ணியவன்?"

"மன்னிக்க வேண்டும்."

"இனிமேல் எண்ணாதே." சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தார். பிடித்த கையை வெகுநேரம் விடவில்லை. நானும் எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.

காரின் கண்ணாடியில் அபராதச் சீட்டு நனைந்துகொண்டிருந்தது.

டிக்கெட், பேகல், மீட்டர், அபராதம் எல்லாம் சேர்த்து 127 டாலர் 40 சென்ட். பணத்தை எண்ணலாம். அதற்குத் தடையில்லை என்று ரூத்திடம் கேட்டுக்கொண்டேன்.