நாலு வெள்ளைக்காரர்களுக்கு எள்ளும் தண்ணீரும்

வருஷாவருஷம் மகாளய அமாவாசையன்று எங்கள் வீட்டில் நான்கு வெள்ளைக்காரர்களுக்குத் தர்ப்பணம் நடக்கும். மயிலாப்பூரில் வேறு எந்த வீட்டிலும் இந்தக் கூத்து இருக்காது.

அப்பாவின் மூத்த அண்ணா உலகப் போரின்போது விமானப்படையில் சேர்ந்தவர். குண்டுவீச்சு விமானத்தில் பயிற்சிக்காகப் பறந்தபோது வடக்கே ஏதோ ஒரு மலையில் மோதி இறந்துபோனார். தந்தியில் அவரைப் பற்றி மட்டும்தான் இருந்ததாம். மலையில் மோதினால் எவன் பிழைப்பான் என்று தாத்தா, கூடப் பறந்த நால்வரையும் சேர்த்தே மேலே அனுப்பிவிட்டார். பெரியப்பா அனுப்பியிருந்த குரூப் போட்டோவில் பேர்கள் இருந்தன. கோத்திரம் தெரியாதவர்களுக்குக் காசியப கோத்திரம் சொல்வது வழக்கம். அப்படியே நால்வரும் காசியப கோத்திரத்துச் சர்மாக்கள் ஆனார்கள்.

தாத்தாவுக்குப் பிறகு அப்பா. சின்ன வயதில் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

"சிரிக்காதேடி. அண்ணாவோட சேர்ந்து போனவா. நம்மளை விட்டா இங்கே அவாளுக்கு யார் இருக்கா?" என்பார் அப்பா.

பெரியப்பா ஒரு நொடியில் போய்விட்டார், கஷ்டப்படவில்லை என்று தாத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்கு இருந்த ஆறுதல் அது ஒன்றுதான்.

சென்ற ஆவணியில் ஓர் ஆட்டோக்காரர் வாசலில் குரல் கொடுத்தார். "அம்மா, இந்தப் பொண்ணு உங்க வூட்டத்தான் தேடிக்கினு கீது."

பின்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண். பழைய வீடு அடுக்குமாடியாகிவிட்டாலும் கதவு எண் மாறவில்லை. எங்கள் கூடத்தில் மாட்டியிருந்த அதே குரூப் போட்டோவைக் கைப்பேசியில் காட்டி, ஓரத்தில் நின்றவரைத் தொட்டு, "என் தாத்தா" என்றாள். போன வருஷம்தான் காலமானாராம்.

போன வருஷமா! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"உயிரோட இருந்தவனுக்கா எள்ளு இறைச்சேன்? மகாபாவம்டி!" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

அதோடு விட்டிருக்கலாம். அப்பா ஆங்கில வாத்தியாராக இருந்தவர். அண்ணா உடனே போய்விட்டானா என்று அவளிடமே கேட்டார். அவள் தயங்கினாள். பிறகு தாத்தா தன்னிடம் சொல்லியிருந்ததைச் சொன்னாள்.

விமானத்தின் வால் பகுதி தனியே முறிந்து விழுந்ததில், பின்னால் இருந்த அவள் தாத்தா பிழைத்தார், இரண்டு காலும் ஒடிந்து. மூன்று பேர் அங்கேயே முடிந்துவிட்டார்கள். பெரியப்பா மட்டும் அன்று முழுதும் உயிரோடு கிடந்தார். எங்கள் விலாசத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி, போய்ப் பார் என்றாராம். மற்ற நேரமெல்லாம் தண்ணீர் கேட்டாராம். கீழே ஓடை ஓடும் சத்தம் இருவருக்கும் கேட்டிருக்கிறது. கால் ஒடிந்த அவள் தாத்தாவால் நகர முடியவில்லை. அந்த ஒரு வாய்த் தண்ணீரைக் கொடுக்காதவன் எந்த முகத்தோடு போவது என்று, கடைசிவரை எங்கள் வாசலுக்கு அவர் வரவே இல்லை.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. பாதி அந்த மனிதர் மேல், பாதி எங்கள் மேல். உயிரோடு இருந்தவரைச் செத்தவராக்கி எள் இறைத்தோமே தவிர, ஒருத்தராவது விசாரித்தோமா?

அப்பா கூடத்துப் போட்டோவைப் பார்த்தார். "நல்லவேளை, எங்கம்மா உயிரோட இருந்து இதைக் கேக்கலை."

மகாளய அமாவாசை வந்தது. "அதான் இப்போ நிஜமாவே போயிட்டாரே மாமா, பேஷா பண்ணலாம்" என்றார் சாஸ்திரிகள். அப்பா நால்வருக்கும் ஒழுங்காக எள்ளும் தண்ணீரும் விட்டார். கடைசியில் பெரியப்பாவின் பெயர் வந்தது. மூன்று தரம் விட்டால் போதும். அப்பாவின் கை நிற்கவில்லை. சாஸ்திரிகள் அடுத்த மந்திரத்துக்குப் போய்விட்டார். அப்பா விட்டுக்கொண்டே இருந்தார். செம்பு காலியாயிற்று. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் தண்ணி கொண்டா. குடத்தோட கொண்டா."