கொள்ளிக்குடத்தை நம்பிய சார்ஜன் கமலநாதன்

நான் மூணாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனா இன்னைக்குக் கிள்ளான்ல பிணம் ஏத்துற வண்டின்னா என் வண்டிதான். யார் தயவும் இல்லாம வளர்ந்தவன். நான் ஒருத்தனைப் பெருமையாச் சொன்னா அதுல அர்த்தம் இருக்கும். அவன் பேரு கமலநாதன், எங்க ஊர் போலீஸ் சார்ஜன்.

பந்திங் பக்கம் செம்பனைத் தோட்டத்துல பிறந்தவன். அப்பா குலை வெட்டினவர். போலீஸ்ல சேர்ந்தும் மோட்டார் திருட்டு, புருஷன் பொண்டாட்டி சண்டைன்னே காலம் ஓடிச்சு. போன வருஷம் கே.எல்.னு நாங்க சொல்ற கோலாலம்பூர் போலீஸும் சிலாங்கூர் போலீஸும் சேர்ந்து பெரிய குற்றங்களுக்குன்னு ஒரு கூட்டுப்படை அமைச்சாங்க. கிள்ளான்லேர்ந்து இவனை எடுத்தாங்க. காரணம் ஜீவன், அவன் கிள்ளான்காரன்.

ஜீவன் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில பட்டப்பகல்ல ஒருத்தனை வெட்டிச் சாய்ச்சவன். வாழையிலைச் சோத்துல ரத்தம் குளம் கட்டிச்சாம். அப்புறம் காஜாங்ல இன்னொருத்தன், கழுத்து பாதி தொங்கிச்சு. அந்த உடம்பை ஏத்தினது நான். என் ஆளுங்க வாந்தி எடுத்தானுங்க, நான் எடுக்கலை.

ஜீவனோட அம்மா பஞ்சவர்ணம் செத்துப்போனாங்க. மகன் கண்டிப்பா வருவான்னு படைக்குத் தெரியும். கே.எல். அதிகாரி சுடுகாட்டைத் துப்பாக்கியோட வளைக்கணும்னார். கமலநாதன் விடலை. அதிகாரியை மரியாதையா 'துவான்'னு கூப்பிட்டுக்கிட்டே மறுத்தான்.

"துவான், அங்க பொம்பளைங்க, பிள்ளைங்க இருப்பாங்க. குண்டு வெடிச்சா எத்தனை பேர் சாவாங்களோ! எங்க வழக்கத்துல தாய்க்குக் கடைசி மகன்தான் கொள்ளி வைக்கணும். ஜீவன்தான் கடைசி. குடம் தூக்குறவனை நான் கையாலேயே பிடிச்சுத் தரேன்."

"தப்பிச்சுட்டான்னா?"

"என் சட்டையில இருக்கிற பட்டையைக் கழட்டிக்குங்க."

அப்புறம் என்கிட்ட வந்தான். "அண்ணே, உங்க கம்பெனி டி-சட்டை ஒண்ணு வேணும். பாடை தூக்குற ஆளா நிக்கப்போறேன்."

"உன் தொப்பைக்கு என்கிட்ட சைஸ் இல்லை லா!"

சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டுப் போனான்.

சுடுகாட்டுல ஆம்பளைங்க பாதிப் பேர் மொட்டை. போலீஸ் கையில இருந்த படத்துலயோ ஜீவனுக்குத் தாடியும் முடியும். தோள்ல குடத்தோட ஒருத்தன் மொட்டைத் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் பாடையைச் சுத்தி வந்தான். மூணாவது சுத்துல கமலநாதன் பாய்ஞ்சு அமுக்கினான். குடம் விழுந்து சிதறிச்சு.

அது மூத்தவன் லோகன். போலீஸ் வரும்னு தெரிஞ்சு, குடும்பமே பேசி வழக்கத்தை மாத்தியிருக்கு.

"எங்கம்மா சாவுல கை வைக்கிறியாடா, நாயே!"

பாடையைப் பிடிச்சிருந்த மொட்டை ஒருத்தன் இப்படிக் கத்திக்கிட்டே, பாடை மாலைக்குள்ள கைவிட்டு அருவா மாதிரிப் பாராங்கத்தியை உருவினான். அவன்தான் ஜீவன். முதல் வெட்டைத் தடுத்த கமலநாதனோட இடது கையில ரெண்டு விரல் தெறிச்சுச்சு. அடுத்த வெட்டு தோள்ல, எலும்பு தெரிஞ்சது. பொம்பளைங்க அலறி ஓடினாங்க. கூட்டத்துல மறைஞ்சிருந்த போலீஸோட துப்பாக்கிங்க வெளியில வந்துடுச்சு.

கமலநாதன் ஓடலை. தலையால ஜீவன் வயித்துல முட்டிக் கீழே தள்ளி, மேலேயே படுத்துக்கிட்டான். ஜீவன் அவன் காதைக் கடிச்சுக் கிழிக்கிறான். இவன் கத்துறான்: "சுடாதீங்க! சுட்டா என் முதுகுலதான் படும்!"

யாரும் சுடலை. நான் ஓடிப்போய்ப் பாராங்கத்தியை மிதிச்சேன். எனக்கு எழுபது வயசு, ஞாபகம் வச்சுக்குங்க. அதுக்குள்ள விலங்கு மாட்டிட்டாங்க.

லோகன் கும்பிட்டான். "சார், மின்சார அடுப்புப் பட்டனை மட்டும் அவன் அமுக்கட்டும். அம்மாவோட ஆசை."

அதிகாரி முடியாதுன்னார். கமலநாதன் என் துண்டைக் கையில சுத்திக்கிட்டு எழுந்தான். ரத்தம் சொட்டுது. "அவன் வெட்டினவங்களுக்கும் அம்மா இருந்தாங்க, எனக்குத் தெரியும். ஆனா இந்தம்மா யாரையும் வெட்டலை, துவான். அவனோட ஒரு கையை என் கையில மாட்டுங்க."

விலங்கோட மறுபக்கத்தைக் கமலநாதனோட நல்ல கையில மாட்டினாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து நடந்தாங்க. ஜீவன் விம்மிக்கிட்டே பட்டனை அமுக்கினான். கமலநாதன் அவன் முகத்தைப் பார்க்கலை. விலங்கையே பார்த்துக்கிட்டு நின்னான்.