நோன்பு வாடை

ஏறாவூர்ச் சந்தையில் கூவிக் கூவி மீன் விற்ற பதியுதீனின் வாய் ஒருநாளும் ஓய்ந்ததில்லை. பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு, அதே வாய் மூட முடியாமல் பாதி திறந்தபடியே கிடந்தது. பேச்சும் போய்விட்டது. மனைவி நஸீறா, வாவிக் காற்றுப் படட்டும் என்று கட்டிலை ஜன்னலோரம் போட்டாள். கரண்டியால் கஞ்சி ஊட்டி, ஈரத்துணியால் வாய் துடைத்துப் பச்சைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டாள்.

நோன்பு மாதம் பிறந்தது. நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் ஒரு பகல் அவர் இடக்கையால் கரண்டியைத் தள்ளிவிட்டார். மறுநாளும் தள்ளினார். இந்த நிலைமையிலும் மனுசன் நோன்பு பிடிக்கிறாரே என்று அவள் பூரித்துப்போனாள். நோன்பாளி நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு பல் துலக்குவதில்லை என்று வாய் துடைப்பதையும் விட்டாள். இரவில் இரண்டு வாய்க் கஞ்சியோடு நிறுத்தி, துடைக்கப் போனால் அவர் முகத்தைத் திருப்பினார். அசதி என்று நினைத்தாள். நாற்றம் எழுந்தபோது, நோன்பாளியின் வாய்வாடை அல்லாஹ்வுக்குப் பிரியமானது என்று சின்ன வயதில் கேட்டது நினைவு வந்தது. அவர் முனகினால், கொஞ்சம் பொறுங்கள், நோன்பு திறக்கப் பாங்கு சொல்லப்போகிறார்கள் என்று நெற்றியைத் தடவுவாள்.

உதடு வீங்கி இரத்தம் கசிந்த அன்றுதான் ஆசுபத்திரிக்கு ஓடினாள். டொக்டர் டோர்ச் அடித்து மேலுதட்டைத் தூக்கினார். பல்முரசில் குழி விழுந்து, அதற்குள் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன.

"ஈ முட்டை போட்டிருக்கு அக்கா," என்றாள் தாதி றோஸ்மேரி. "நோவிலதான் அவர் சாப்பாட்டத் தள்ளியிருக்கார்."

டர்பன்டைன் எண்ணெயில் நனைத்த பஞ்சைக் குழிக்குள் வைத்து, மூச்சுமுட்டி வெளியே வந்த புழுக்களை ஒவ்வொன்றாகக் கிடுக்கியால் எடுத்தார்கள். அழுகிய சதையை வெட்டினார்கள். மாத்திரையைக் கரைத்துக் குழாய் வழியே கொடுத்தார்கள். சில நாட்களில் புழு ஒழிந்தது. ஆனால் கிருமி நுரையீரலில் இறங்கிவிட்டது, இனிக் கஷ்டம் என்றார் டொக்டர்.

பெண்டாட்டி பார்க்காமல் புழுத்துப்போக விட்டாளாம் என்று ஊரில் பேசினார்கள். பேசியவர்களில் ஒருவராவது அந்தக் கட்டிலருகே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாரா? இதைச் சொல்லும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று மாலை நஸீறா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க நோன்பு பிடிக்கிறீங்கண்டு நினைச்சிட்டன். நோவுண்டு எனக்கு விளங்கல்ல. மாப்புத் தாங்க."

மஃரிப் பாங்கு கேட்டது. பதியுதீன் கையை உருவிக்கொண்டார். மன்னிக்க மாட்டார் என்று அவள் நெஞ்சு உடைந்தது. அந்தக் கை பக்கத்து மேசையைத் தடவி, அவள் நோன்பு திறக்க வைத்திருந்த தண்ணீர்க் கிளாசை அவள் பக்கம் மெல்லத் தள்ளியது.

நஸீறா அழுதுகொண்டே குடித்தாள். நோன்புப் பெருநாளைக்கு அவர் இருக்கவில்லை.