எருசலேம் விழுந்த வருடம்

எங்கள் சபைக்கூடத்துச் சுவரில் ஒரு நீளமான படம் மாட்டியிருந்தது. ஆதாமில் ஆரம்பித்து உலக முடிவு வரைக்கும் ஒரே கோடு. கோட்டுக்கு மேலே பெயர்கள், கீழே வருடங்கள். ஒரு இடத்தில் மட்டும் சிவப்பு. பாபிலோன் ராஜா எருசலேமை எரித்து யூதர்களைச் சிறைபிடித்துக்கொண்டு போன வருடம் அது. அந்தச் சிவப்பிலிருந்து எண்ணித்தான் முடிவு எப்போது வரும் என்பதை எங்கள் சபை கண்டிருந்தது. சிவப்பு நகர்ந்தால் எல்லாமே நகர்ந்துவிடும்.

சபை என்றால் பெரிய கூட்டம் இல்லை. அரியலூரில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கூடம், பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள், சபையை நடத்த மூன்று மூப்பர்கள். வேறு எந்தச் சபையோடும் நாங்கள் சேர்ந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லாரும் தரையில் பந்தியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் கலைவோம். அந்தப் பந்தியில் இடம் இருந்தால்தான் சபையில் இடம் இருப்பதாக அர்த்தம்.

நான் பெரம்பலூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். பத்தாவது வரைக்கும் படித்தேன். நாலு பேர் என்னைப் பார்த்தால் பேச்சு வராது. அதனால் ஊழியத்துக்குப் போகும்போது என் அக்காவின் கணவரோடு என்னை ஜோடி சேர்த்திருந்தார்கள். இரண்டு இரண்டு பேராக வீடு வீடாகப் போவது எங்கள் வழக்கம். ஒருவர் பேசுவார், மற்றவர் வசனம் எடுத்துக் கொடுப்பார். மாமா பேசுவார், நான் பக்கம் புரட்டுவேன். பதினோரு வருடம் அப்படிப் போனோம். அவர் எரேமியா என்று வாயைத் திறப்பதற்குள் என் விரல் அந்த அதிகாரத்துக்குப் போயிருக்கும்.

மாமாவுக்கு ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் எடை மேடையில் வேலை. லாரி வெறுமையாக ஒரு தடவை ஏறும், கல்லோடு ஒரு தடவை ஏறும். வெறும் லாரியை ஏற்றிப் பார்க்காமல் அவர் யாருக்கும் சீட்டு எழுதித் தந்ததில்லை. டிரைவர்கள் கத்துவார்கள். "நேத்து பாத்த அதே லாரிதான் சார், இன்னிக்கு என்ன எளைச்சா போயிடும்?" மாமா சிரித்துக்கொண்டே, "எளைச்சிருந்தா நல்லதுதானே, மேடையில ஏத்துங்க, பாப்பம்" என்பார்.

வேதக் கணக்கையும் அப்படியே நம்பினார். முடிவு பக்கத்தில் இருக்கிறது என்று வீட்டுக்குத் தளம் போடவில்லை. தகரக் கூரையின் கீழே அக்கா சித்திரை மாதம் முழுக்க ஈரத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு சமைத்தாள். "இன்னும் கொஞ்ச நாள்தாம்மா" என்பார்.

ஒரு சனிக்கிழமை குரும்பலூரில் ஒரு வீட்டுக்குப் போனோம். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா வாசலில் சின்ன வெங்காயத்தைப் பரப்பி அழுகலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். விரட்டவில்லை. மாமா படத்தின் சின்னப் பிரதியை விரித்துப் பேசியதை முழுக்கக் கேட்டார்.

"எல்லாம் சரிங்க. இந்தச் செவப்புக்கோடு இருபது வருஷம் முன்னாடி நிக்குதே?" என்றார்.

"இல்லீங்கம்மா. யூதருங்க திரும்பி வந்ததுலேருந்து பின்னோக்கி எழுபது வருஷம் எண்ணுனா இங்கதான் வரும். எழுபதுன்னு எரேமியா தீர்க்கதரிசி சொல்லியிருக்காரு."

"திரும்பி வந்த வருஷத்துல எனக்கும் ஒங்களுக்கும் சண்டையே இல்ல. ஊரு எரிஞ்சதுலேருந்து பாபிலோன் விழற வரைக்கும் எந்தெந்த ராஜா எத்தன வருஷம் ஆண்டான்னு எழுதிக் கூட்டிப் பாருங்க. அந்தக் காலத்து களிமண் பலகையிலயே இருக்கு." மடியிலிருந்த வெங்காயத் தோலைத் தட்டிவிட்டுச் சிரித்தார். "இத உரிச்சா எனக்குக் கண்ணுல தண்ணி வருது. ஒங்க கணக்க உரிச்சா யாருக்கு வருதுன்னு பாப்பம்."

மாமாவும் சிரித்தார். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே விரல் மடக்கி எண்ண ஆரம்பித்துவிட்டார்.

அந்த மாதம் முழுக்க எடைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே இருந்தார். டீச்சரம்மாவிடம் ஒரு புத்தகம் இரவல் வாங்கினார். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் நாற்பத்து மூன்று வருடம் ஆண்டான். தன் பத்தொன்பதாம் வருடத்தில் எருசலேமை எரித்தான். மிச்சம் இருபத்து நாலு. அடுத்தவனுக்கு இரண்டு, அதற்கடுத்தவனுக்கு நாலு, கடைசி ராஜாவுக்குப் பதினேழு. எல்லாம் சேர்த்தால் நாற்பத்தேழு. யூதர்கள் ஊர் திரும்ப இன்னும் ஒன்றிரண்டு வருடம். எப்படிக் கூட்டினாலும் ஐம்பதைத் தாண்டவில்லை. எங்கள் படத்தில் எழுபது.

கடைக்கு வந்து அந்தச் சீட்டுகளை என் முன்னால் பரப்பினார்.

"மாப்ள, எங்கயாவது ஒரு ராஜாவ விட்டுட்டனான்னு பாரு."

எனக்கு என்ன தெரியும்? இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். அதேதான் வந்தது. "எரேமியா பொய் சொல்லுவாரா மாமா?" என்று கேட்டேன்.

"அவரு சொல்லலடா. எழுபதுன்னு அவரு சொன்னது பாபிலோனோட ஆட்சிக்கு. ஊரு எரிஞ்ச நாள்லேருந்து எண்ணுன்னு எங்க சொன்னாரு? நாமதான் வெறும் லாரியப் பாக்காம சீட்டு எழுதிட்டம்."

அடுத்த சனிக்கிழமை புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். மாமா வாசலில் நின்றபடியே, "நீங்க சொன்னதுதான் சரிங்கம்மா" என்றார். டீச்சரம்மா ஜெயித்த மாதிரி எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. காப்பி கொடுத்தார். நான் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

அந்த வாரமே மாமா இதை அரியலூர் பஸ் ஸ்டாண்டில் சபைச் சகோதரர் ஒருவரிடம் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். புதிதாக எதையாவது கண்டுபிடித்தால் மற்றவரும் சந்தோஷப்படுவார் என்று நினைக்கிற ஆள் அவர். அந்தச் சகோதரர் நேராக மூப்பர்களிடம் போனார்.

எங்கள் சபையில் ஒருவர் மேல் குற்றம் சொன்னால் இரண்டு சாட்சி வேண்டும். ஒரு சாட்சி போதாது. பந்தல் வேலை செய்யும் ஒரு சகோதரர் அம்மன் கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போட்டார் என்று ஒருமுறை புகார் வந்தது. பார்த்தது ஒரே ஒருவர்தான் என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள். இது எனக்குத் தெரியும். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன்.

என்னைக் கூப்பிட்டபோது மூன்று மூப்பர்களும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய மூப்பர் தன்மையான மனிதர். "தம்பி, ஒக்காருங்க. தண்ணி குடிங்க" என்றார். பிறகு கேட்டார். "சபை கணக்கு தப்புன்னு ஒங்க மாமா வெளியாளு வூட்டுல சொன்னாரா?"

நான் அதற்காகவே தயாராக வந்திருந்தேன். மாமாவின் சீட்டுகளை ஒரே தாளில் வருமாறு அடுக்கி மூன்று பிரதி எடுத்துப் பையில் வைத்திருந்தேன், மூப்பருக்கு ஒன்றாக. இரண்டு சாட்சி கிடைத்தால் காரியம் விசாரணைக்கு வரும், விசாரணை என்றால் கணக்கைப் பார்ப்பார்கள், பார்த்தால் ஒன்று மாமா திருந்துவார் அல்லது படம் திருந்தும் என்பது என் எண்ணம்.

"ஆமாங்கையா, சொன்னாரு" என்றேன்.

பெரிய மூப்பர் மற்ற இருவரையும் பார்த்தார். "ரெண்டு ஆச்சு" என்று சொல்லி வேதப் புத்தகத்தை மூடினார்.

அவ்வளவுதான். கணக்கை யாரும் கேட்கவில்லை. பையில் இருப்பதைச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. "ஐயா, ஒரு நிமிஷம்" என்று சொன்னால் போதும். அந்த மூன்று வார்த்தைகளைப் பிறகு எத்தனையோ தடவை தனியாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் கஷ்டமாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அறிவித்தார்கள். இனிமேல் அவரோடு பேசக் கூடாது, கை கொடுக்கக் கூடாது, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. வீட்டில் மனைவிக்கும் மகளுக்கும் மட்டும் விலக்கு உண்டு. மைத்துனனுக்கு இல்லை.

அக்காவைப் பார்க்க நான் போகும்போதெல்லாம் மாமா தன் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார். எனக்குச் சங்கடம் வரக் கூடாதாம். கொட்டகையிலிருந்து மாட்டிடம் பேசுவது கேட்கும். "ஏ லச்சுமி, வந்திருக்கறவருக்கு இன்னும் ரெண்டு வடை வைக்கச் சொல்லு. கூச்சப்பட்டுக்கிட்டு கேக்க மாட்டாரு." அக்கா சிரிக்க ஆரம்பித்து அழுகையில் போய் முடிப்பாள்.

ஒருநாள் கடைக்கே வந்தார். ஆதார் அட்டையை நீட்டினார். வாங்கி மெஷினில் வைத்தேன்.

"நீ பேச வேணாம். நா பேசறேன், காதுல விழாத மாதிரி வேலையப் பாரு" என்றார். "அக்கா சொன்னா, நீ சரியா சாப்புடறதில்லன்னு. எதுக்குடா? நீ என்ன பொய்யா சொன்ன? நா சொன்னததானே சொன்ன."

நான் மெஷினைப் பார்த்தபடியே நின்றேன். ஒரு பிரதி போதும் என்ற இடத்தில் ஆறேழு வந்து விழுந்திருந்தன.

இப்படி மூன்று வருடம் போனது. அக்கா மகளுக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை வீடு ஜெயங்கொண்டம், எங்கள் சபைக் குடும்பம்தான். நல்ல மனிதர்கள், ஆனால் சபைச் சட்டத்தை மீற மாட்டார்கள். மகள் கல்யாணப் பந்தியில் மாமா உட்கார முடியாது. மேடையில் மகள் பக்கத்தில் நிற்கவும் முடியாது. பெரிய மூப்பர் ஒரு வழி சொன்னார். தன் கணக்கு தப்பு என்று மாமா எழுதிக் கையெழுத்துப் போட்டால் அடுத்த ஞாயிறே சேர்த்துக்கொள்வார்கள்.

அக்கா என்னிடம் வந்தாள். "நீதாண்டா சொன்ன, நீயே கூட்டிட்டு வா."

கடிதத்தை நான்தான் கம்ப்யூட்டரில் அடித்தேன். நாலே வரி. எருசலேம் விழுந்தது சபை சொல்லும் வருடத்தில்தான், என் கணக்கு தவறு, வெளியாளிடம் பேசியதற்கு வருந்துகிறேன், மன்னித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடிதம் விஷயமாக நான் அவரிடம் பேசலாம் என்று மூப்பர் அனுமதி கொடுத்திருந்தார். மூன்று வருடம் கழித்து மாமாவிடம் நான் பேசிய முதல் பேச்சு அது.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"எந்த எடத்துல தப்புன்னு எழுதலியே மாப்ள?"

"அது வேணாம் மாமா."

"எடம் காட்டாம தப்புன்னு எப்புடிக் கையெழுத்துப் போடறது? ராஜாவ விட்டுட்டனா, கூட்டல் தப்பா? ஏதாவது ஒண்ணு சொல்லணும்ல."

உள்ளே மகள் யாருடனோ போனில் கல்யாணப் புடவை பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மாமா அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மாமா பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் சாப்பிட்டார். எல்லாரும் கை கொடுத்தார்கள், சிலர் கட்டிப்பிடித்தார்கள். நானும் சந்தோஷப்பட்டேன், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் ஊழியத்துக்கு வரவில்லை. கூப்பிட்டால், "செவப்புக்கோடு இல்லாம பேசலாம்னா சொல்லு, வரேன்" என்பார். வீடுகளில் நாங்கள் பேசுவது எதில் ஆரம்பித்தாலும் அந்தச் சிவப்பில்தான் போய் நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டி உட்காருவார்.

அடுத்த கோடையில் எடை மேடை அறையில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நெஞ்சுவலி. மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. சபை மரியாதையோடு அடக்கம் செய்தது. கீழ்ப்படிதலுக்கு உதாரணமான சகோதரர் என்று பெரிய மூப்பர் கல்லறையில் பேசினார்.

எட்டு மாதம் கழித்து சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபைல் வந்தது. கூடத்துக்குப் புதுப் படம், நான் பிரிண்ட் போட்டுக் கொண்டுவர வேண்டும். கடையில் திறந்து பார்த்தேன். ஆதாம் இருந்தான், ஆபிரகாம் இருந்தான். சிவப்பு இல்லை. எருசலேம் விழுந்த இடத்தில் வருடம் போடாமல் பெயரை மட்டும் எழுதியிருந்தார்கள். கோட்டின் கடைசியிலும் வருடம் இல்லை.

பிரிண்ட் போட்ட படத்தைச் சுருட்டிக்கொண்டு பெரிய மூப்பர் வீட்டுக்குப் போனேன். "செவப்பு எங்கங்கையா?" என்று கேட்டேன்.

அவர் படத்தை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். சர்க்கரை வியாதியில் அவருக்குக் கண் மங்கிவிட்டது. "பெங்களூர்ல படிக்கிற நம்ம பயலுவ சிலபேரு கேள்வி கேக்கறாங்க. நாங்களும் ஒக்காந்து கூட்டிப் பாத்தம். வருஷம் போட வேணாம்னு தீர்மானம் பண்ணிட்டம்."

"அப்ப மாமா சொன்னது?"

"அவரு சொன்னது சரியாக்கூட இருக்கலாம் தம்பி. சபைய மீறிச் சொன்னாருல்ல. அதான் குத்தம்."

"அவரு கையெழுத்துப் போட்ட கடுதாசிய குடுங்கையா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"அது சபை ஃபைலு. அவருதான் போயிட்டாரே, இப்ப எதுக்கு?"

"அவரு கணக்கு தப்புன்னு அதுல இருக்குங்கையா. அடிச்சது நானு."

மற்ற இருவரிடமும் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறிப் போகிறேன். ஆராதனை முடிந்து இலை போடும்போது எல்லாருக்கும் முன்னால் அவரிடம் போய்க் கேட்கிறேன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்கிறார். பந்திக்கு உட்காராமல் அக்கா வீட்டுக்குப் போய்விடுகிறேன். அக்காவும் இப்போது சபைக்குப் போவதில்லை.

போன வாரம் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "குடுத்துட்டாங்கன்னு வையி. அத வச்சு என்னடா பண்ணப்போற?"

"தெரியலக்கா" என்றேன்.

"சாப்புடு" என்றாள்.