வட்டம் நின்றதா?

பெரிய சிஸ்டருக்குப் பாம்பென்றால் பயமில்லை, பிணமென்றால் பயமில்லை, வள்ளென்று விழும் டாக்டர்களென்றால் துளியும் பயமில்லை. பதிவு ஏறும்வரை கம்ப்யூட்டர் திரையில் சுற்றுமே ஒரு சின்ன வட்டம், அதைக் கண்டால் மட்டும் பயம்.

அரசு ஆஸ்பத்திரிகளையெல்லாம் கம்ப்யூட்டரில் இணைத்தபோது வார்டில் ஒரு பழக்கத்தை நிறுத்தினார்கள். அதுவரை ஷிஃப்ட் மாறும்போது போகிறவளும் வருகிறவளும் படுக்கை படுக்கையாக நடந்து, யாருக்கு என்ன போட்டாயிற்று என்று வாயால் சொல்லிக்கொள்வார்கள். இனி எல்லாம் திரையில் இருக்கும், வாய்க்கு வேலையில்லை என்றது உத்தரவு. "அப்போ முந்தின பஸ்ஸையே பிடிச்சுடலாம்" என்று முதலில் சந்தோஷப்பட்டவளும் பெரிய சிஸ்டர்தான்.

அன்று மதியம், ஜன்னலோரப் படுக்கையில் இருந்த தையல்காரருக்குச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டாள். திரையில் 'போட்டாயிற்று' என்பதைத் தட்டினாள். வட்டம் சுற்றியது. அதுபாட்டுக்குச் சுற்றட்டும் என்று கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அப்போதுதான் உறைத்தது. வட்டம் நின்றதா? பார்க்கவில்லையே. பதியாமல் போயிருந்தால் அடுத்து வருகிறவள் இன்னொரு ஊசி போடுவாள். சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். வார்டுக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது.

"நிறுத்துங்கண்ணே!"

"இங்க ஸ்டாப் இல்லம்மா."

"ஒரு உயிர் போயிடும்ண்ணே!"

கண்டக்டர் விசிலடித்தார். இறங்கித் திரும்பும் வழியில் செருப்பு வார் அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். விரிப்பு மாற்றிய வெற்றுப் படுக்கை ஒன்று கண்ணுக்குள் வந்து வந்து போனது.

அடுத்த ஷிஃப்டுக்கு வந்திருந்த சின்ன சிஸ்டர் வார்டு வாசலிலேயே சிரித்தாள். "என்னக்கா, செருப்பும் கையுமா? யாரை அடிக்கப் போறீங்க?"

"ஜன்னல் படுக்கைக்கு இன்சுலின் போட்டியா?"

"வந்ததும் போட்டுட்டேனே. போடலைன்னு சிவப்பா காட்டுச்சு..." சொல்லும்போதே அவள் முகம் வெளுத்தது.

தையல்காரருக்கு உடம்பெல்லாம் வியர்வை. கூப்பிட்டால் நாக்கு குழறியது. சின்னவள் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். இத்தனை வருஷம் கண்ணை மூடிக்கொண்டு நரம்பு பிடித்த பெரிய சிஸ்டர், அன்று தடவித் தடவித்தான் குளுக்கோஸ் ஏற்ற நரம்பைக் கண்டுபிடித்தாள். பொழுது சாயும்வரை விரல் நுனியில் குத்திக் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள்.

தெளிந்ததும் தையல்காரர் சொன்னார்: "ரெண்டாவது ஊசின்னு தெரிஞ்சுதான்ம்மா இருந்துச்சு. கம்ப்யூட்டருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுதுன்னு வயித்தைக் காட்டிட்டேன்."



நடந்ததை மேட்ரனிடம் பெரிய சிஸ்டரே போய்ச் சொன்னாள். விளக்கம் கேட்டார்கள். உத்தரவு மட்டும் மாறவில்லை. இப்போதெல்லாம் ஷிஃப்ட் முடிந்ததும் சின்னவளின் கையைப் பிடித்துப் படுக்கை படுக்கையாக இழுத்துக்கொண்டு போகிறாள்.

"எல்லாம் திரையில இருக்குக்கா."

"இருக்கட்டும்டீ. என் வாயாலயும் கேளு."

பஸ் போய்விடுகிறது. அடுத்த பஸ்ஸில் ஏறியும் நெஞ்சு அடங்குவதில்லை. பாதி வழியில் வார்டுக்குப் போன் போடுகிறாள். சின்னவள் ஹலோ சொல்வதுகூட இல்லை.

"நின்னுடுச்சுக்கா. நான் பார்த்துட்டேன். வீட்டுக்குப் போங்க."