பெயரை வெட்டச் சொன்ன நாள்

ரந்தாவ் பக்கத்து ரப்பர்த் தோட்ட ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது நான் சிரம்பான் அலுவலகத்தில் வேறொரு கம்பெனிக்கு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். பேசியவர் அங்கே டிரஸ்ஸராக இருந்த சாமிநாதன். டாக்டர் வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற நாள்களில் ஊசி, மருந்து எல்லாம் சாமிநாதன் கையில்.

"உங்க மிஷின் செத்துப் போச்சு மேடம். இங்க ஒரு பொம்பள சாகப் பாத்திருச்சு. யாரு வந்து பதில் சொல்லப் போறீங்க?"

நடந்தது இதுதான். பால்மரம் சீவும் லெட்சுமியைக் கடும் காய்ச்சலோடு தூக்கி வந்திருக்கிறார்கள். அவளுக்குப் பென்சிலின் ஆகாது என்று நாங்கள் போட்டுக்கொடுத்த கம்ப்யூட்டரில் பதிவு இருந்தது. சாமிநாதன் அவள் முழுப் பெயரைத் தேடினார். 'ரன்டைம் எரர் 202' என்று காட்டிவிட்டு புரோகிராம் நின்றது. மறுபடி தேடினார், மறுபடியும் நின்றது. பழைய நோயாளி அட்டைகளைப் பார்க்கலாம் என்றால் அவையும் அங்கே இல்லை. கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்காக அவற்றை வாங்கி வந்த எங்கள் முதலாளி தேவராஜ், "கம்ப்யூட்டர் வந்தாச்சு, இனிமே எதுக்கு அட்டை?" என்று எங்கள் ஸ்டோரிலேயே போட்டு வைத்திருந்தார். லெட்சுமியைக் கேட்டால் காய்ச்சலில் பேச்சு வரவில்லை. சாமிநாதன் பென்சிலின் ஊசி போட்டுவிட்டார். முகம் வீங்கி, மூச்சு அடைத்துவிட்டது. அவசரமாக மாற்று மருந்து கொடுத்து சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எப்படியோ பிழைத்தாள்.

இந்தக் கோளாறைப் பற்றி தேவராஜிடம் முன்பே சொல்லியிருந்தேன். "கஸ்டமருக்கு இதெல்லாம் தெரியாது லா" என்று சிரித்தார்.

கோளாறு என்னவென்று இளையவர்களுக்குச் சொல்கிறேன். தோட்டத்தில் கணக்கெழுதும் ஒவ்வொரு கிராணியும் ஒரே பெயரை ஒவ்வொரு விதமாக எழுதி வைப்பார். லெட்சுமி, லட்சுமி, லெச்சுமி எல்லாம் ஒருத்திதான். அதனால் 'இந்த எழுத்தில் தொடங்கி, நடுவில் எது வந்தாலும் சரி, இப்படி முடியும் பெயர்' என்று பேட்டர்ன் கொடுத்துத் தேட ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் எஞ்சின் தேவைப்பட்டது. தேவராஜே அதைப் பாஸ்கல் மொழியில் எழுதினார். ஓர் எழுத்து பொருந்தியதும் மீதிப் பெயரைப் புது ஸ்ட்ரிங்காக நகலெடுத்து, அதே ஃபங்ஷனுக்குள் மறுபடி அனுப்புவார். எங்கள் பாஸ்கலில் ஸ்ட்ரிங் எவ்வளவு சின்னதானாலும் முழுசாக 256 பைட் பிடிக்கும். எழுத்துக்கு எழுத்து நகல் ஏறி ஏறி, ஸ்டேக் என்னும் சின்ன மெமரிப் பகுதியில் அடுக்கிக்கொண்டே போகும். டெமோவில் காட்டியது எல்லாம் குட்டிப் பெயர்கள், ஓடிவிட்டது. லெட்சுமி ஏ/பி முனியாண்டி, அதாவது முனியாண்டியின் மகள் லெட்சுமி, என்று தகப்பன் பெயரோடு சேர்த்துத் தேடினால், பாதியிலேயே ஸ்டேக் நிரம்பிச் செத்துவிடும்.

போனை வைத்துவிட்டு நேரே தேவராஜ் அறைக்குப் போனேன்.

"கேட்டேன் கேட்டேன்," என்றார். "நம்ம ஆளுங்க பேரு ஏன் இவ்ளோ நீளம்? அப்பன் பேர வெட்டிரு. மொத பத்து எழுத்து போதும்."

"அந்த எஸ்டேட்ல எத்தன லெட்சுமி இருக்காங்க தெரியுமா பாஸ்? அப்பா பேர வெட்டிட்டா யாருக்கு எந்த மருந்து ஆகாதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"அது டிரஸ்ஸர் பாடு. புரோகிராம் நிக்கக்கூடாது, அவ்வளவுதான்."

பேச்சை விட்டுவிட்டு என் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். நகலெடுக்கும் வரிகளை எல்லாம் அழித்தேன். பெயர் மெமரியில் ஒரே இடத்தில் அசையாமல் இருக்கட்டும். எந்த எழுத்தில் நிற்கிறோம் என்ற எண்ணை மட்டும் ஃபங்ஷனுக்குக் கொடுத்தேன். பேட்டர்னுக்கும் அதே மாதிரி ஓர் எண். பொருந்திய பகுதிக்குத் தொடக்கம், முடிவு என்று இரண்டு எண்கள். திரையில் காட்டும்போது மட்டும் அந்தப் பகுதியை எடுத்தால் போதும். எவ்வளவு நீளப் பெயர் கொடுத்தாலும் நிற்காமல் ஓடியது. ஒரு மத்தியானத்து வேலை. அந்த ஒரு மத்தியானத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் ஒரு பெண்ணுக்கு மூச்சு அடைத்தது.

தேவராஜ் ஓட்டிப் பார்த்தார். "நல்லாருக்கு. ஆனா இப்ப குடுக்காத. அடுத்த வருஷம் புது வெர்ஷன்னு விப்போம்."

"அது வரைக்கும் ஊசிய யாருக்குப் போடுறது பாஸ்? உங்களுக்கா?"

அவர் பதிலுக்கு நான் நிற்கவில்லை. ஸ்டோரில் கிடந்த அட்டைப் பெட்டிகளைக் கம்பெனி வேனில் ஏற்றினேன். புது புரோகிராம் இருந்த டிஸ்கெட்டை எடுத்துக்கொண்டு ரந்தாவுக்கு ஓட்டினேன்.

சாமிநாதன் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. புது புரோகிராமைப் போட்டதும் அவரே பேட்டர்னை அடித்தார். லெட்சுமியின் முழுப் பெயரும் வந்தது, பக்கத்திலேயே 'பென்சிலின் கூடாது' என்றும் வந்தது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் கையால போட்டேன் மேடம்," என்றார். "என் கையால."

மறுநாள் தேவராஜ் என்னை வேலையை விட்டு அனுப்பினார். வேனைக் கேட்காமல் எடுத்ததுதான் காரணமாம்.

ஸ்ட்ரிங்கை நகலெடுக்காதே, இடத்தைக் குறித்துக்கொள் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லிக்கொடுக்கும். நான் கற்றுக்கொண்டது இன்னொன்று. உங்கள் புரோகிராமுக்கு ஒருவருடைய பெயர் கொள்ளவில்லை என்றால் புரோகிராமைத் திருத்துங்கள். பெயரை வெட்டச் சொல்கிறவன் எவனாக இருந்தாலும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லுங்கள். வேலை போனால் போகட்டும், வேறு வேலை கிடைக்கும். எனக்குக் கிடைத்தது.