சிரட்டையில் மாட்டிய காய்ச்சல்

போன ஞாயிறு வெள்ளறடை போயிருந்தேன். கல்லூரியில் என்னோடு படித்த தங்கராஜின் மகள் ஷைனிக்குப் பெரிய விருது. வைரஸ் விஞ்ஞானி. வவ்வால்களில் இருக்கும் வைரஸ்கள் பற்றி அவள் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பல நாடுகளில் படிக்கிறார்களாம். எனக்குத் தலைப்பே வாயில் நுழையவில்லை!

"வாசகர்களுக்குப் புரிகிற மாதிரி, உன் மகள் என்ன சாதித்தாள், சொல்லு" என்றேன் தங்கராஜிடம். அவன் விருதுகள் வைத்த ஷோகேஸைத் திறப்பான் என்று பார்த்தால், செருப்பை மாட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டான்.

அதற்கு முன் போன வருடக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

போன மழைக்காலத்தில் அங்கே வீட்டுக்கு வீடு காய்ச்சல். பக்கத்து வீட்டுப் பெண், ஏழு மாதக் கர்ப்பிணி, பிளேட்லெட் இறங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஊர் யாரைக் கைகாட்டியது தெரியுமா? சர்ச் பக்கத்து அயினி மரத்தில் தொங்கும் வவ்வால்களை! மரத்தை வெட்ட ஆள் பேசியாயிற்று. வவ்வால் விஞ்ஞானி லீவில் வருகிறாள், அவளும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கோடாரியைத் தூக்க வேண்டியதுதான்...

வந்தவள் வவ்வால் எச்சத்தை எடுத்தாள். காய்ச்சல்காரர்களின் ரத்தத்தை எடுத்தாள். அதோடு விட்டாளா? தோட்டம் தோட்டமாக நுழைந்து கொசு பிடித்தாள். லேபில் இருந்து வந்த பதில்: வவ்வால் நிரபராதி. காய்ச்சல் டெங்கு. கொசு வளரும் இடம், ரப்பர் பால் பிடிக்க மரத்தில் கட்டும் சிரட்டை.

மழை வலுத்தால், மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டு நிற்கும். சிரட்டையைக் கவிழ்க்கத்தானே வேண்டும்? செய்ய மாட்டார்கள். மழை விட்டதும் வெட்டணுமே என்று நிமிர்த்தியே விட்டுவிடுவார்கள். மரத்துக்கு மரம் ஒரு குட்டிக் குளம்!

இதில் ஒரு சிக்கல். வைரஸோடு முதல் கொசு சிக்கியது தங்கராஜின் தோட்டத்தில். அவனோ சர்ச் சபைச் செயலாளர். ஆராதனை முடிந்ததும் அறிவிப்பு வாசிப்பவனே அவன்தான். "சிரட்டை காரியத்தை வாசிக்கேன். நம்ம தோட்டம்னு மட்டும் வெளிய சொல்லாத மோளே" என்று மகளிடம் கெஞ்சியிருக்கிறான். அவளோ, யாராவது கேட்டால் பொய் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பிடிவாதத்தில் அப்பனுக்குத் தப்பாத மகள்!

ஞாயிற்றுக்கிழமை வாசித்தான். சபையில் முணுமுணுப்பு. சோறு போடுகிற ரப்பரைக் குற்றம் சொல்ல வந்துவிட்டார்களா என்று கோபம். ஒரு பெரியவர் எழுந்தே விட்டார்.

"அந்தக் கொசு யாருக்க தோட்டத்துல இருந்துதுன்னு சொல்லும் ஓய்."

ஷைனி பதில் சொல்ல எழுந்தாள். தங்கராஜ் அவளை உட்காரச் சொல்லிக் கைகாட்டினான். கண்ணாடியைக் கழற்றினான்.

"எனக்க தோட்டத்துல ஆக்கும்."

அவ்வளவுதான்! செயலாளர் தோட்டத்திலேயே இருந்தால் நம் தோட்டத்தில் இருக்காதா என்று ஒவ்வொருவரும் கணக்குப் போட்டிருப்பார்கள். கேட்ட பெரியவரே முதல் ஆளாக வேட்டியை மடித்துக் கட்டினார். ஞாயிறு உடுப்போடு மொத்தச் சபையும் தோட்டங்களுக்குள் இறங்கியது... பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்! அயினி மரத்தை வெட்ட வந்தவன் டீ குடித்துவிட்டுக் கோடாரியோடு திரும்பிப் போனான்.

அந்தக் கர்ப்பிணிப் பெண் பிழைத்தாள். சுகப்பிரசவம். பிள்ளைக்குப் பெயர் வைக்க ஷைனியைத்தான் கூப்பிட்டார்கள். இந்த வருடம் மழை கொட்டித் தீர்த்தது, அவர்கள் தெருவில் ஒரு வீட்டிலும் டெங்கு இல்லை. வவ்வால்கள் அயினிப் பழம் தின்றுகொண்டு சுகமாக இருக்கின்றன.

இப்போது தோட்டத்துக்கு வருவோம். மழை தூறிக்கொண்டிருந்தது. தங்கராஜ் சரிவின் உச்சியில் நின்று கையை நீட்டினான். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை, பக்கத்துத் தோட்டங்கள் உட்பட, ஒவ்வொரு மரத்திலும் சிரட்டை கவிழ்ந்து கிடந்தது.

"இதாக்கும் மக்கா, எனக்க மொவளுக்க ரிக்கார்டு."

பாறசாலைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக என் வீட்டுப் பூந்தொட்டித் தட்டுகளைக் கவிழ்த்தேன் — விருதெல்லாம் எதிர்பார்க்கவில்லை!